பழைய ராணுவத் துப்பாக்கிக்கு ஒரு மரப்பெட்டி

பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டதால் மட்டும் ஒரு பழைய துப்பாக்கி பாதுகாப்பாக இருந்துவிடாது. ஒவ்வாத மரத்தில் செய்து, ஒவ்வாத துணியை உள்ளே ஒட்டி, பசை முழுதும் உலர்வதற்குள் மூடிவைத்த பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், சுவரில் வெறுமனே மாட்டிவைத்திருந்தால் ஏறக்கூடிய துருவைவிட அதிகமான துருவை அது ஏற்றிவிடும். என்னிடம் உள்ள லீ-என்ஃபீல்டு எண் 1 மார்க் 3 துப்பாக்கிக்கு ஒரு பெட்டி செய்ய முனைந்தபோது, பலகைகளை எப்படிப் பொருத்துவது என்ற கேள்வியைவிட, மூடிய பெட்டிக்குள் எப்படிப்பட்ட காற்று தங்கப்போகிறது என்ற கேள்வியே என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பின்வரும் குறிப்புகளில் பாதிக்கு மேல் அந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்திருப்பதற்கு அதுவே காரணம்.

முதலில் சட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுடும் நிலையில் உள்ள துப்பாக்கியை எங்கே, எப்படிப் பூட்டி வைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு நாட்டின் சட்டமும் தன் போக்கில் வரையறுக்கிறது. எஃகு அலமாரி கட்டாயம் என்று உரிமத்தின் நிபந்தனை கூறினால், மரப்பெட்டி அதற்கு மாற்றாகாது; பெட்டியின் அளவுகளை அந்த அலமாரிக்குள் அடங்கும்படி அமைத்துக்கொள்ள வேண்டியதுதான். செயலிழக்கச் செய்யப்பட்ட துப்பாக்கிக்கும் சில இடங்களில் விதிகள் உண்டு என்பதால், மரம் வாங்குவதற்கு முன்பே அவற்றைப் படித்துவிடுவது நல்லது. எந்த நாடாக இருந்தாலும், தோட்டாக்களுக்கு இந்தப் பெட்டியில் இடமில்லை. அளவெடுப்பதற்காகத் துப்பாக்கியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் கூட்டை) கழற்றி, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உலோக உருளையை) திறந்து, தோட்டா அமரும் அறை காலியாக உள்ளதா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மார்க் 3 வகை 1907-இல் பிரிட்டிஷ் ராணுவத்தில் ஏற்கப்பட்டது. 1926-இல் பெயரிடும் முறை மாறியபோது அது எண் 1 மார்க் 3 ஆயிற்று. நீளம் ஏறத்தாழ 1,130 மி.மீ., எடை ஏறத்தாழ 4 கி.கி. ஆனால் அச்சிட்ட அளவுகளை நம்பிப் பலகையை அறுக்கக் கூடாது. இந்த வகையில் பின்கட்டைகள், அதாவது தோளில் அணைக்கும் மரப்பகுதிகள், வெவ்வேறு நீளங்களில் பொருத்தப்பட்டன. வீரரின் உடல்வாகுக்கு ஏற்ப நீளமானதும் குட்டையானதும் வழங்கப்பட்டன. ஆகவே கையில் உள்ள துப்பாக்கியையே மேசைமீது விரித்த தாளில் கிடத்தி, கோடு வரைந்து அளவெடுக்க வேண்டும். அப்படி அளந்தபின் நான் உள்ளளவாகத் தேர்ந்தது 1,230 மி.மீ. நீளம், 230 மி.மீ. அகலம், 210 மி.மீ. உயரம். இரு முனைகளிலும் ஏறத்தாழ 50 மி.மீ. இடைவெளி வீண் இடம்போலத் தோன்றலாம். பெட்டியைத் தூக்கும்போது அது செங்குத்தாகச் சாய்ந்தால் குழல்வாயும் பின்தகடும் முனைப் பலகையில் மோதாமல் இருப்பது அந்த இடைவெளியால்தான். கையை உள்ளே விட்டு எடுக்கவும் அந்த இடம் தேவை.

பெட்டியைக் குறுக்குவதற்காகப் பின்கட்டையைக் கழற்றி வைக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. இந்த வகைத் துப்பாக்கியில் அதைச் செய்யவே கூடாது. பின்கட்டையை ரிசீவரோடு (போல்ட் இயங்கும் உலோக உடற்பகுதியோடு) பிணைக்கும் நீண்ட திருகாணியின் முனை சதுரமானது. அது முன்கட்டையின், அதாவது குழலுக்கு அடியில் நீளும் மரத்தின், பின்புறத்தில் பதித்த ஒரு சிறு தகட்டில் பூட்டியிருக்கும். முன்கட்டையை முதலில் கழற்றாமல் அந்தத் திருகாணியைத் திருகினால், சதுர முனை திரும்பும்போது முன்கட்டையைப் பிளந்துவிடும். நூறாண்டு கடந்த மரத்தில் அப்படி விழும் பிளவை மறைக்கலாமே தவிர, இல்லாததாக்க முடியாது. முன்கட்டையும் அடிக்கடி கழற்றிப் பூட்டுவதற்கு உரியதன்று. துப்பாக்கி முழுமையாக இருக்க வேண்டும், பெட்டிதான் அதற்கேற்ப நீள வேண்டும்.

போர்க்காலத்தில் துப்பாக்கிகள் மரப்பெட்டிகளில்தான் பயணம் செய்தன. இரண்டாம் உலகப் போரில் குறிபார்த்துச் சுடுவோருக்கென ஆக்கப்பட்ட எண் 4 (டி) துப்பாக்கிக்கு மட்டும் தனிப் பெட்டி இருந்தது. அதன் தொலைநோக்கி தகரக் கூட்டில் தனியாக வைக்கப்பட்டு அதே பெட்டிக்குள் தனக்குரிய இடத்தில் அமர்ந்திருக்கும். அந்த அமைப்பின் அழகில் மயங்கி, அதையே அச்சு அசலாகச் செய்ய விரும்புவோர் பலர். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அவை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுசெல்லவும், சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கவும் செய்யப்பட்டவை. உள்ளே வைத்த துப்பாக்கியைத் துடைத்து எண்ணெயிட ஒரு வீரர் எப்போதும் அருகில் இருந்தார். பல பத்தாண்டுகள் மூடியே கிடக்கப்போகும் பெட்டிக்கு வேறு கணக்கு வேண்டும் என்பதால், அவற்றிலிருந்து அடித்தளக் கட்டைகளையும் முனைக் கைப்பிடிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மரத்தைத் தேர்வதில்தான் பெட்டியின் தலைவிதி அடங்கியிருக்கிறது. மரம் அறுபட்டு, உலர்ந்து, பலகையான பிறகும் தன்னிடமிருந்து ஆவிகளை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். அவற்றில் முக்கியமானது அசெட்டிக் அமிலம், அதாவது வினிகருக்குப் புளிப்பைத் தரும் அதே அமிலம். திறந்த மேசையாகவோ நாற்காலியாகவோ இருந்தால் அது காற்றோடு போய்விடும். மூடிய பெட்டியில் தேங்கி, ஈரத்தோடு சேர்ந்து இரும்பையும் ஈயத்தையும் அரிக்கும். ஓக் மரமும் செஸ்ட்நட் மரமும் இதில் மிக மோசமானவை. மேற்கத்திய செஞ்சீடார் மரமும் அவற்றோடு சேர்த்து ஒதுக்கத்தக்கது. ஓக்கில் டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் மிகுதி என்பதால், ஈர இரும்பு பட்ட இடமெல்லாம் கருநீலக் கறை படியும். விலையுயர்ந்த பொருளுக்கு விலையுயர்ந்த மரம் என்று எண்ணி ஓக்கில் செய்யப்பட்ட பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே இருக்கும் இரும்பின்மீதுதான் இரக்கம் வரும். தேக்கு உறுதியானது, பூச்சி அரிக்காதது. ஆனால் அதன் இயல்பான எண்ணெய்ப் பசையால் ஒட்டும் பசை சரியாகப் பிடிக்காது என்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன் இணையும் பரப்புகளை அசிட்டோனால் துடைக்க வேண்டியிருக்கும். மகாகனி, ஸ்ப்ரூஸ், பைன் ஆகியவை ஒப்பளவில் சாதுவானவை. நான் நன்கு உலர்ந்த பைன் பலகையை 20 மி.மீ. கனத்தில் எடுத்துக்கொண்டேன், கணுக்களிலிருந்து பிசின் கசியும் என்பதால் கணு மிகுந்த பலகைகளை ஒதுக்கி, தவிர்க்க முடியாத சில கணுக்கள் வெளிப்பக்கம் வரும்படி அமைத்தேன்.

பலகை என்றால் திண்மரம்தான் என்பதில்லை. ஆனால் மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையையும், யூரியா ஃபார்மால்டிஹைடு பசையால் ஒட்டிய மலிவான பிளைவுட்டையும் பெட்டிக்குள் சேர்க்காதீர்கள். அவை விடும் ஃபார்மால்டிஹைடு காலப்போக்கில் ஃபார்மிக் அமிலமாக மாறக்கூடியது. பிளைவுட்தான் வேண்டும் என்று விரும்பினால் பீனால் பசையால் ஒட்டப்பட்ட வெளிப்புறப் பயன்பாட்டு வகையே ஏற்றது.

ஒரு பொருள் உலோகத்துக்கு ஒவ்வுமா ஒவ்வாதா என்பதைக் கண்டறிய அருங்காட்சியகங்களில் ஒரு சோதனை வழக்கத்தில் உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் விவரித்ததால் அது ஆடி சோதனை எனப்படுகிறது. ஆய்வுக்குரிய பொருளின் ஒரு துண்டையும், வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளையும், சிறிது நீரையும் ஒரு கண்ணாடிக் குப்பியில் அடைத்து, 60 டிகிரி வெப்பத்தில் 28 நாட்கள் வைத்து, தகடுகள் எவ்வளவு மங்கியிருக்கின்றன என்று பார்ப்பார்கள். அந்தத் துல்லியம் வீட்டில் கைகூடாது. ஆனாலும் அதன் தர்க்கத்தைக் கடன்வாங்கலாம். மூடி இறுக்கமான இரண்டு கண்ணாடிப் புட்டிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஓர் இரும்பு ஆணியையும் ஒரு சிறு ஈயத்துண்டையும், அவற்றைத் தொடாதபடி நனைத்த பஞ்சையும் வையுங்கள். ஒன்றில் மட்டும் நீங்கள் வாங்கிய மரத்தின் சீவல்களைப் போடுங்கள், மற்றது ஒப்பிடுவதற்கு. இரண்டையும் சில வாரங்கள் வெதுவெதுப்பான இடத்தில் விட்டுவைத்தால், அமிலம் கக்கும் மரமாக இருந்தால் அந்தப் புட்டியில் உள்ள ஈயத்தின்மீது வெண்பொடி படிந்திருக்கும். பசை, துணி, நுரைத்தாள், பூச்சு என்று பெட்டிக்குள் போகும் எதையும் இவ்வாறு பார்க்கலாம். ஈயத்தைக் கையுறையோடு தொடுவதும், முடிந்தபின் கையைக் கழுவுவதும் அவசியம்.

பலகைகள் வீட்டுக்கு வந்ததும் இழைப்புளியை எடுத்துவிடக் கூடாது. பெட்டி நிற்கப்போகும் அறையிலேயே, இடையிடையே ரீப்பர் வைத்து அடுக்கி, சில வாரங்கள் காற்றாட விட வேண்டும். ஒப்பீரப்பதம் (அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் உள்ளதன் பங்கு) 50 சதவீதமாக உள்ள காற்றில் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 9 சதவீதத்தில் வந்து நிலைகொள்ளும். அதற்குமேல் ஈரமுள்ள பலகையில் பெட்டி செய்தால், முடிந்தபின் அது சுருங்கும்போது பொருத்துகள் இளகும். அதோடு, வெளியேறும் ஈரம் துப்பாக்கி இருக்கும் அதே காற்றில்தான் கலக்கும்.

நான்கு சுவர்ப் பலகைகளிலும் மரத்தின் ரேகை கிடைமட்டமாகவே சுற்றிவரும்படி வைத்தேன். அப்படி வைத்தால் ஈரத்துக்கேற்ப நான்கும் ஒரே திசையில் ஒரே அளவில் விரிந்து சுருங்கும். மூலைகளில் இழுபறி ஏற்படாது. மூலைகளுக்குப் புறாவால் பொருத்து, அதாவது புறாவின் வால்போல் விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பொருத்து, போட்டேன். பைன் போன்ற மென்மரத்துக்கு அதன் சரிவு ஆறுக்கு ஒன்று என்ற விகிதத்திலும், கடினமரத்துக்கு எட்டுக்கு ஒன்று என்ற விகிதத்திலும் இருப்பது வழக்கம். பெட்டியைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்கும்போது எடை முழுவதும் முனைப் பலகையைப் பக்கப் பலகையிலிருந்து பிய்க்கப் பார்க்கும். ஆகவே புறாவால்கள் பக்கப் பலகையில் அமைந்து, அவற்றின் விரிந்த முனைகள் முனைப் பலகையின் பற்களுக்கிடையே மாட்டிக்கொள்ளும்படி வெட்ட வேண்டும். பசை தோற்றாலும் பொருத்து தோற்காது. இயந்திரத்தால் வெட்டும் நேர்விரல் பொருத்தும் போதுமான வலுவுடையதே. ஆணி மட்டும் அடித்த மூலையை இந்த எடைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடிப்பலகையைச் சுவர்களோடு ஒட்டவில்லை. சுவர்களின் உட்பக்கத்தில் 8 மி.மீ. அகலக் காடி போட்டு, அடிப்பலகையின் விளிம்பை அதற்கேற்ற நாக்காகச் சீவி, அகலவாக்கில் இருபுறமும் 2 மி.மீ. இடம்விட்டு மிதக்கவிட்டேன். மூடிப் பலகையின் அகலம் 270 மி.மீ.; அவ்வளவு அகலமான பைன் பலகையின் ஈரம் 4 சதவீதம் ஏறி இறங்கினால் அகலம் 2 முதல் 3 மி.மீ. வரை மாறும். அதனால் மூடியின் உட்புறம் வளைவைத் தடுக்கப் பொருத்திய குறுக்குச் சட்டங்களைப் பசையால் ஒட்டாமல், நடுத்திருகை வட்டத்துளையிலும் ஓரத்திருகுகளை நீள்துளைகளிலும் போட்டு, மரம் அசைய வழிவிட்டேன். அந்தச் சட்டங்கள் சுவர்களுக்கு உள்ளே அமர்வதால், மூடும்போது மூடியைச் சரியான இடத்துக்கு அவையே கொண்டுவந்துவிடுகின்றன. கீல், திருகு, கொண்டி எல்லாம் பித்தளை. முதலில் அதே அளவுள்ள இரும்புத் திருகைப் போட்டுப் புரியை வெட்டி எடுத்துவிட்டுப் பித்தளைத் திருகைப் போட்டால், தலை முறியாது.

கணக்குப் பார்த்தால் வெறும் பெட்டியின் எடை 13 கி.கி. அளவில் வரும், துப்பாக்கியும் தாங்கிகளும் பிற பொருட்களும் சேர்ந்தால் 19 கி.கி. ஆகிவிடும். 1.27 மீட்டர் நீளமுள்ள இவ்வளவு எடையை ஒருவர் தனியே தூக்குவது வாசற்படியில் இடிப்பதற்கான நேர்வழி என்பதால், இரு முனைகளிலும் கைப்பிடி வேண்டும். அடியில் 40 மி.மீ. உயரக் குறுக்குக் கட்டைகள் இரண்டைப் பொருத்தினேன். தரையின் குளிர்ச்சியும் ஈரமும் நேரே பெட்டியின் அடியில் ஏறாமல் இருப்பதற்கு அந்த இடைவெளி போதும்.

பசை விஷயத்தில் பொறுமை வேண்டும். வழக்கமான வெள்ளை மரப்பசை உலரும்போது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும். பெட்டி முழுதும் பொருத்தி முடித்தபின் மூடியைத் திறந்தபடி சில வாரங்கள் விட்டுவைத்து, பிறகு ஒரு நாள் முழுவதும் மூடி, மறுநாள் திறந்தவுடன் முகர்ந்து பார்ப்பது என் வழக்கம். புளிப்பு நெடியோ பெயின்ட் நெடியோ இருந்தால் இன்னும் காலம் ஆகவில்லை என்று பொருள். உட்புறப் பூச்சுக்குச் செல்லாக்கைத் தேர்ந்தேன். அது ஆல்கஹாலில் கரைத்த இயற்கை அரக்கு. ஆல்கஹால் ஆவியானதும் வேலை முடிந்துவிடும், மரத்திலிருந்து வரும் ஆவிகளையும் ஓரளவு மட்டுப்படுத்தும். ஆளிவிதை எண்ணெயும் எண்ணெய் அடிப்படையிலான பெயின்ட்டுகளும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து உலர்பவை. அந்த வினையில் பல மாதங்களுக்குக் கரிம அமிலங்கள் வெளிவரும் என்பதால் உள்ளே அவற்றுக்கு இடமில்லை. கைவசம் இருப்பது ஓக் பெட்டிதான் என்பவர்கள், அலுமினியமும் பாலிஎத்திலீனும் சேர்ந்த தடுப்புத்தாளை இஸ்திரிப்பெட்டியின் மிதமான சூட்டில் உட்புறம் முழுவதும் ஒட்டிக்கொள்ளலாம். மரத்தின் அழகு உள்ளே தெரியாது. ஆனால் உள்ளே பார்ப்பது துப்பாக்கியைத்தானே. வெளிப்புறம் உங்கள் விருப்பம். ராணுவப் பாணியில் வெள்ளை எழுத்துகள் பொறிப்பதை மட்டும் நான் தவிர்த்தேன். பார்ப்பதற்கு எடுப்பாக இருக்கும் அந்த எழுத்துகள், உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் திருடனுக்கும் படித்துக்காட்டும்.

துப்பாக்கி எதன்மீது அமர்கிறது என்பது அடுத்த கேள்வி. பக்கவாட்டில் கிடத்தி, அதன் உருவத்துக்கேற்பக் குழிவெட்டிய மெத்தையில் புதைத்துவைப்பது படங்களில் கண்ணைக் கவரும். ஆனால் உலோகத்தின் ஒரு பக்கம் முழுவதும் எப்போதும் ஏதோவொன்றைத் தொட்டுக்கொண்டே இருப்பதால், அந்தப் பக்கத்தில் காற்றோட்டமும் இல்லை, கண்ணோட்டமும் இல்லை. துரு தொடங்கினாலும் தெரியாது. ஆகவே குறிமுள் மேல்நோக்கி இருக்கும்படி நிமிர்ந்த நிலையில் இரண்டு தாங்கிகளின்மேல் வைத்தேன். ஒரு தாங்கி முன்கட்டையின் நடுப்பகுதியிலும், மற்றது பின்கட்டையின் அடிவயிற்றிலும் வரும். துப்பாக்கியின் எடைமையம் இவ்விரண்டுக்கும் இடையே விழும். மேகசினும் விசைக்காப்பும் எதையும் தொடாமல் தொங்கும். தாங்கிகள் இரண்டையும் மிதக்கும் அடிப்பலகையில் மட்டும் திருகியிருக்கிறேன். சுவரோடு பிணைத்தால் பலகை அசைய முடியாது.

முன்தாங்கியைக் குழல்வாய்ப் பக்கம் நகர்த்தக் கூடாது என்பதற்கு இந்தத் துப்பாக்கியின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. முன்கட்டைக்குள் இரண்டு இடங்களில் சிறு சுருள்வில்கள் குழலைக் குறிப்பிட்ட அழுத்தத்தில் பிடித்துக்கொண்டிருக்கின்றன. முனையில் உள்ள உலோகக் கவசத்துக்குள் இருப்பது அவற்றில் ஒன்று. அந்த முனையில் ஆண்டுக்கணக்கில் எடையைச் சுமத்துவதும், மூடியிலிருந்து ஒரு கட்டை வந்து அதை அழுத்துவதும் மரத்துக்கும் குழலுக்கும் இடையிலான அந்த ஏற்பாட்டைக் குலைக்கும். குழலின் மேலுள்ள மரக் கைக்காப்பு மெல்லியது, எளிதில் விரிசல் விடும். அதையும் அழுத்தக் கூடாது. எனவே மேலிருந்து பிடிக்கும் கட்டை ஒன்றை மட்டும், கை பற்றும் ஒடுங்கிய பகுதிக்கு நேராக மூடியில் பொருத்தினேன். அது மூடிய நிலையில் மரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். முன்பக்கத்தை வெளுக்காத பருத்தி நாடாவால் தாங்கியோடு தளர்வாகக் கட்டிவிடுவதே போதும்.

தாங்கிகளின்மேல் என்ன விரிப்பது? பச்சைக் கம்பளி ஃபெல்ட் என்பது பரம்பரைப் பதில். நான் அதை ஏற்கவில்லை. கம்பளியில் கந்தகம் உண்டு. அது பித்தளையையும் செம்பையும் மங்கச்செய்யும். ஈரத்தைப் பிடித்துவைப்பதோடு அந்துப்பூச்சியையும் அழைக்கும். அதற்கு அஞ்சி அந்துருண்டை போட்டால் இன்னொரு வேதிப்பொருள் உள்ளே வந்து சேரும். பாராடைகுளோரோபென்சீன் கொண்ட உருண்டைகளின் ஆவி உலோகத்துக்கும் ஆகாது. சோபாவில் போடும் மெத்தை நுரை பாலியூரித்தேன். அது நீரை உறிஞ்சும், சில ஆண்டுகளில் பிசுபிசுத்துப் பொடியாகி உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். மூடிய செல்கள் கொண்ட பாலிஎத்திலீன் நுரைத்தாள்தான் சரியானது. அதைத் தாங்கியின் வளைவுக்கேற்ப வெட்டி, சாயமில்லாத, கஞ்சி போக நன்கு துவைத்த பருத்தித் துணியால் போர்த்தி, பசை இல்லாமல் நூலால் தைத்துவிட்டேன். துணியைக் கழற்றித் துவைக்கவும் அது வசதி.

மூடியின் விளிம்பில் ஒட்டும் பட்டையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கந்தகத்தால் பதப்படுத்திய சாதாரண ரப்பரும் நியோப்ரீனும் வேண்டாம். சிலிகோன் நுரைப் பட்டை நல்லது. அதை ஒட்ட வினிகர் நாற்றமடிக்கும் சிலிகோன் பசையை வாங்கிவிடாதீர்கள், நடுநிலை வகை என்று குறிப்பிட்டதை வாங்குங்கள்.

நிமிர்ந்த துப்பாக்கிக்குப் பக்கத்தில் மிஞ்சும் இடத்தைச் சிறு அறைகளாகத் தடுத்தேன். போல்ட்டைத் துப்பாக்கியிலிருந்து எடுத்து, தனியறையில் பருத்தித் துணியில் சுற்றி வைக்கிறேன். எடுக்கும் பழக்கமுள்ளவர் கையில் அது சில நொடி வேலை. லீ-என்ஃபீல்டின் போல்ட் அந்தந்த ரிசீவருக்கென்றே பொருத்தப்பட்டது, இரண்டிலும் ஒரே எண் பொறித்திருப்பார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட துப்பாக்கி வைத்திருப்பவர்கள் போல்ட்டில் அந்த எண்ணைக் குறித்த ஒரு துணிச்சீட்டைக் கட்டிவிட வேண்டும். மாறிப்போனால் தோட்டா அமரும் ஆழத்தின் அளவு தவறிவிடும், அது சுடுபவருக்கு ஆபத்து. போல்ட்டையே வேறொரு பூட்டிய இடத்தில் வைப்பது இன்னும் பாதுகாப்பு. சில சட்டங்கள் அதைக் கேட்கவும் கூடும்.

துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தியான 1907 மாதிரி பயனெட்டின் அலகு மட்டும் 17 அங்குலம், அதாவது ஏறத்தாழ 430 மி.மீ. என்பதால் அதற்கு 600 மி.மீ. நீள அறை தேவைப்பட்டது. அதைத் தோலுறைக்குள் போட்டு வைக்கக் கூடாது. தோலைப் பதப்படுத்திய டானினும் உப்புகளும் எஃகைப் புள்ளிபுள்ளியாக அரிக்கும். கத்தியும் உறையும் அருகருகே தனித்தனியாகக் கிடக்கட்டும். பித்தளை கொக்கிகள் கொண்ட தோல்வார் என்றால், தோலிலுள்ள கொழுப்பு செம்போடு வினைபுரிந்து பச்சை மெழுகாகத் திரளும். துணிவாருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் அது ஈரத்தை இழுக்கும் என்பதால் துப்பாக்கியில் மாட்டியபடி விடாமல் சுருட்டித் தனியறையில் வைத்திருக்கிறேன்.

இனி ஈரப்பதம். இரும்பைத் தனியாகக் கேட்டால் முடிந்தவரை வறண்ட காற்றே வேண்டும் என்று சொல்லும். மரம் அதற்கு ஒப்பாது, மிக வறண்டால் சுருங்கி வெடிக்கும். வால்நட், பீச், பிர்ச், ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலைத் துப்பாக்கி என்றால் கோச்வுட் என்று கட்டை எதுவானாலும் இதே நிலைதான். ஒப்பீரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிறுத்துவது இரண்டுக்கும் பொதுவான சமரசம். 60-ஐக் கடந்தால் துரு வேகம் பிடிக்கும். சிறிய டிஜிட்டல் ஈரமானி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தால் போதும். ஆனால் அதன் சொல்லை அப்படியே நம்பாமல் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். ஒரு சிறு மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, ஈரமணல் பதத்துக்கு நீர்விட்டு, அதையும் ஈரமானியையும் ஒரு காற்றுப்புகாப் பையில் அடைத்து ஒரு நாள் வைத்தால், அறை வெப்பநிலையில் அது 75 சதவீதம் காட்ட வேண்டும். எவ்வளவு கூடவோ குறையவோ காட்டுகிறதோ அதை எழுதி ஈரமானியின் முதுகில் ஒட்டிவிடுங்கள்.

இந்தப் பெட்டியின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 60 லிட்டர். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை அரைக் கிலோ துணிப்பையில் போட்டு, துப்பாக்கியைத் தொடாத ஒரு மூலையில் வைத்தேன். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு கலந்திருக்கும். அது உடல்நலத்துக்குக் கேடானது என்பதால் செம்மஞ்சள் நிற வகையே நல்லது. நிறம் மாறியதும் 120 டிகிரிக்கு மிகாத சூட்டில் சில மணி நேரம் வைத்தால் ஜெல் மீண்டும் வறண்டுவிடும். முழுவதும் வறண்ட ஜெல்லை அளவின்றி அடைத்தால் ஈரப்பதம் 30-க்குக் கீழே போய்விடும். அது துப்பாக்கியின் கட்டைக்கும் ஆகாது, பெட்டியின் பலகைக்கும் ஆகாது. ஈரமானியைப் பார்த்துப் பையின் அளவைக் கூட்டிக் குறைப்பதே வழி. குளிர்ந்த இடத்திலிருந்து பெட்டியை வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவந்தால் உடனே திறக்காதீர்கள். 25 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரமும் உள்ள அறையில், 16 டிகிரியில் இருக்கும் எந்த உலோகத்தின்மீதும் நீர் பனிக்கும். இரும்பு அறையின் வெப்பத்தை எட்டும்வரை பெட்டி மூடியே இருக்க வேண்டும்.

பெட்டி எவ்வளவு நல்லதானாலும், அழுக்கோடு உள்ளே போகும் துப்பாக்கியை அது காக்காது. பழைய 0.303 அங்குல ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பற்றுமருந்தில் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவையில்) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடாக, அதாவது ஒருவகை உப்பாகக் குழலில் படியும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, நீர்தான் கரைக்கும். பிரிட்டிஷ் வீரர்கள் புனல் வைத்துக் கொதிநீரைக் குழலில் ஊற்றியதன் காரணம் இதுதான். சுடப்பட்ட துப்பாக்கி என்றால் அதே முறையில் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெய் துணியை ஓட்டுங்கள். வெளி உலோகத்துக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சோ, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவான ரெனைசன்ஸ் போன்ற நுண்படிக மெழுகோ தேய்க்கலாம். மெழுகு கைரேகையைத் தாங்கும், மரத்தில் வழியாது என்பதால் என் விருப்பம் அதுவே. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பவர்கள் பெட்டிக்குள் வைப்பதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும். அந்த எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால் தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்தியோ நீரில் அமிழ்த்தியோதான் அப்புறப்படுத்த வேண்டும். பூசி முடித்தபின் வெறுங்கையால் தொடக் கூடாது, வியர்வையின் உப்பு விரல் வடிவிலேயே துருவாக எழும். குழல்வாயை எதனாலும் அடைக்கவும் கூடாது. குழலுக்குள் எண்ணெய் இருப்பதைச் சொல்லும் சீட்டு ஒன்றை விசைக்காப்பில் நூலால் கட்டி வைத்திருக்கிறேன்; அடுத்து எடுப்பவர் நானாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

உரிமத்தின் நகல், எண்களின் குறிப்பு, வைத்த நாளில் எடுத்த படங்கள் ஆகியவற்றைப் பாலியஸ்டர் உறையில் இட்டு மூடியின் உட்புறம் செருகியிருக்கிறேன். பிவிசி உறை காலப்போக்கில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளிவிடக்கூடியது என்பதால் அது கூடாது. மூடிய புதிதில் மாதம் ஒருமுறையும், ஈரமானி ஒரே இடத்தில் நிற்கத் தொடங்கியபின் பருவம் மாறும்போதெல்லாமும் திறந்து பார்க்கிறேன். டார்ச் ஒளியில் முதலில் பார்ப்பது பின்தகட்டின் திருகுகளைச் சுற்றி. பிறகு முனைக் கவசத்தின் அடி, மேகசினின் உட்புறம், முன்கட்டையும் குழலும் சேரும் விளிம்பு, கடைசியாகத் தாங்கித் துணியில் பழுப்புக் கறை ஏதும் படிந்திருக்கிறதா என்பது. கறை இருந்தால் அதற்கு நேர்மேலே உள்ள இடத்தை எண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, மெழுகைப் புதுப்பித்து, ஜெல்லை மாற்றி, தேதியை அதே உறையில் உள்ள தாளில் எழுதிவிட்டு மூடுகிறேன்.